கோட்டைக்குள் நம்மை விடுவார்களா? சென்னையின் பழைய அரசுக் கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வரலாறு நடத்திய காலமெல்லாம், ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை எழும்பூருக்கும் கோட்டைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்களும் அவர்களுடைய வீட்டாரும் உறவினர்களும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேட்கும் ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

கோட்டைக்குள் சாதாரண மக்களை விடுவார்களா? அங்கே மந்திரிகள் எல்லாம் இருக்கிறார்களே?

விடுவார்கள். புனித ஜார்ஜ் கோட்டை என்ற ஒரே பெயருக்குள் பல இடங்கள் இருக்கின்றன. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ஒரு பக்கம், ராணுவத்தின் பகுதி இன்னொரு பக்கம். இவற்றில் வேலையில்லாமல் நுழைய முடியாது. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகமும், தூய மரியன்னை தேவாலயமும் எல்லாருக்கும் உரியவை. ராஜாஜி சாலைப் பக்க வாசலில் பையைச் சோதிப்பார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். "மியூசியத்துக்கு" என்று சொன்னால் வழி காட்டுவார்கள். ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுகளாக அந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வந்தவர்கள் ஒரு நாள்கூட உள்ளே கால் வைத்ததில்லை. அரசுக் கட்டடம் என்றால் மனு கொடுக்கப் போகும் இடம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. தயங்காமல் போங்கள். சட்டமன்றக் கூட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் கெடுபிடி அதிகமாக இருக்கும். முதல் முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

எந்தக் கிழமை போகலாம்? ஞாயிற்றுக்கிழமை லீவு என்கிறார்களே?

ஞாயிறு லீவு இல்லை, வெள்ளிதான் லீவு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் எழும்பூர் திறந்திருக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் வெள்ளி, சனி, ஞாயிறு என்று திட்டமிட்டு, வெள்ளிக்கிழமை காலையிலேயே பூட்டிய கதவின் முன் நிற்கிறார்கள்.

சனி, ஞாயிறுகளில் எழும்பூரில் கூட்டம் இருக்கும். பள்ளி விடுமுறையில் இன்னும் அதிகம். பிற நாட்களில் காலை ஒன்பதரை மணிக்குத் திறந்தவுடன் போனால் படிமக்கூடத்தில் நீங்களும் நடராசரும் மட்டும் இருக்கலாம். அப்படி ஒரு காலை எனக்குச் சில முறை வாய்த்திருக்கிறது.

என் மாமியார் "செத்த காலேஜ்" போகலாம் என்கிறார். அது என்ன இடம்?

எழும்பூர் அருங்காட்சியகம்தான். பழைய சென்னைக்காரர்களின் பேச்சு அது. இந்த அருங்காட்சியகம் 1851-இல், கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகத்தில் தொடங்கியது. எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர் முதல் பொறுப்பாளர். இடம் போதாமல் 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு பால்ஃபர் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அந்த விலங்குகள் பிறகு பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போயின. அந்தக் காட்சிசாலையின் வழிவந்ததுதான் இன்றைய வண்டலூர் பூங்கா.

பாடம் செய்த விலங்குகள் இருந்த இடம் செத்த காலேஜ், ஓடியாடும் விலங்குகள் இருந்த இடம் உயிர் காலேஜ். உங்கள் மாமியார் சொல்வதில் ஒன்றே முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவரையும் உடன் அழைத்துப் போய், அவர் சிறுமியாகப் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயன்றாலும் மாலையில் கால்வலி மட்டுமே மிஞ்சும். எழும்பூருக்கே ஒரு நாள் வேண்டும். மற்றொரு நாள் காலையில் கோட்டை, பிறகு உயர் நீதிமன்றத்தின் வெளிப்புறம், கடைசியாக ரிப்பன் மாளிகை என்று வைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துக்குக் கவலை வேண்டாம். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று புறநகர் ரயில் பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். பூங்கா நிலையத்தில் இறங்கினால் ரிப்பன் மாளிகை கண்ணெதிரே நிற்கும். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எழும்பூர் ஆகிய நிலையங்கள் இருக்கின்றன.

கோட்டை மியூசியத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் துப்பாக்கியும் பீங்கானும்தானே?

துப்பாக்கியும் வாளும் பீங்கானும் நாணயமும் உண்டு. ஆளுநர்களின் பெரிய ஓவியங்களும் உண்டு. ஆனால் நான் பிள்ளைகளை முதலில் நிறுத்துவது ஒரு கொடியின் முன்னால். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி அது. பட்டுத் துணி, பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம். அன்று நாடெங்கும் ஏற்றிய கொடிகளில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று கருதப்படுகிறது. துணி நைந்துவிடாமலிருக்க மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கண் பழகும்வரை நின்று பாருங்கள். முன்னூறு ஆண்டுக்கும் மேலாக வேறு கொடிகள் பறந்த இடத்தில் அன்று காலை ஏறிய துணி அது. விடுதலை நாளில் முதலமைச்சர்கள் கொடியேற்றும் உரிமையை 1974-இல் மு. கருணாநிதி கேட்டுப் பெற்ற பிறகு, ஆண்டுதோறும் அந்தக் கொடியேற்றம் நடப்பதும் இதே கோட்டையில்தான்.

இன்னொன்று, திப்புவை வென்ற ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் சிலை. எல்லாரும் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் பீடத்தைப் பாருங்கள். திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் 1792-இல் பிணைக் கைதிகளாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவன் தன் வெற்றியை எப்படிப் பார்த்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அருங்காட்சியகக் கட்டடமும் 1795-இல் முடிந்த பழைய கட்டடம். வணிகர்கள் கூடிப் பேசிய இடம். அருங்காட்சியகமாகத் திறந்தது 1948-இல்.

தேவாலயத்துக்குள் இந்துக்கள், முஸ்லிம்கள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். வழிபாடு நடக்கும் நேரத்தில் மட்டும் சுற்றிப் பார்க்காமல் காத்திருங்கள். 1680-இல் திறந்த தேவாலயம் இது; இந்தியாவில் இன்றும் நிற்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களில் மிகப் பழமையானது. கூரையில் மரமே இல்லை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று தடித்த வளைவுக் கூரையாகக் கட்டினார்கள். 1753-இல் ராபர்ட் கிளைவுக்கு இங்கேதான் திருமணம் நடந்தது.

வெளியே தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களைப் பார்த்து நடங்கள். அவை முதலில் இங்கே இருந்தவை அல்ல, கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டிலிருந்து கொண்டுவந்தவை. பச்சைக் குழந்தைகளும் இருபது வயதுப் பெண்களும் எத்தனை பேர் என்று அந்தக் கற்களில் தெரியும்.

எழும்பூர் மியூசியத்தில் சுற்றிச் சுற்றிக் களைத்துவிட்டோம். எதைப் பார்த்தால் போதும்?

எனக்கு நேரம் குறைவாக இருந்தால் மூன்று இடம் மட்டும் போவேன். முதலாவது செப்புத் திருமேனிகள் இருக்கும் படிமக்கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் இந்த அருங்காட்சியகத்தின் நடராசரைப் புகைப்படத்தில் பார்த்தே மெய்மறந்து எழுதியிருக்கிறார். நாம் எழும்பூரில் இறங்கி நடந்து போய் நேரில் பார்க்கலாம். அர்த்தநாரீசுவரரை முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். இடப்பாதியும் வலப்பாதியும் இடையிலும் தோளிலும் எப்படி ஒட்டாமல் ஒட்டியிருக்கின்றன என்று பக்கவாட்டிலும் சென்று பாருங்கள்.

இரண்டாவது அமராவதிச் சிற்பங்கள். மூன்றாவது, பெரும்பாலோர் தாண்டிப் போகிற தொல்பழங்காலப் பகுதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று காட்டியது அந்தக் கண்டுபிடிப்புதான். அவர் சேர்த்த கற்கருவிகளை 1904-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொருட்களும் இங்கே இருக்கின்றன. கீழடி பற்றி ஆர்வமாகப் பேசும் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டிகளை அவசியம் காட்டுங்கள்.

சின்னக் குழந்தைகள் கூட வந்தால் அவர்கள் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைவிட்டு நகர மாட்டார்கள். நகர்த்த வேண்டாம். அன்றைக்கு அது போதும்.

சாமி சிலைகளைக் கோயிலில் வைக்காமல் ஏன் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்? கும்பிடலாமா, செருப்பைக் கழற்ற வேண்டுமா?

அங்குள்ள திருமேனிகளில் பல, மண்ணுக்கடியில் கிடைத்தவை. போர்க் காலங்களில் கோயிலார் சிலைகளைப் பத்திரமாகப் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை, அல்லது இடம் மறந்துபோயிற்று. பல நூறு ஆண்டுகள் கழித்து ஏரில் சிக்கியும் அடித்தளம் தோண்டும்போதும் வெளியே வந்தன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில் அரசிடம் வந்தவை இவை. எந்தக் கோயிலுக்கு உரியது என்று ஊரார் கேட்பதும் நியாயமான கேள்வியே.

செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதி இல்லை. கைகூப்புகிறவர்களை எவரும் தடுப்பதும் இல்லை. சூடம் ஏற்றுவது, பூ வைப்பது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஆகியவை மட்டும் கூடாது. கைவியர்வை உலோகத்தை அரித்துவிடும்.

அமராவதி ஆந்திராவில்தானே இருக்கிறது? அங்கிருந்த சிலைகள் சென்னைக்கு எப்படி வந்தன?

அன்றைய சென்னை மாகாணத்துக்குள் குண்டூர் மாவட்டமும் இருந்தது. அமராவதியில் பெரிய பௌத்தத் தூபி ஒன்று சிதைந்து கிடந்தது. காலின் மெக்கன்சி அதை 1797-இல் பார்த்தார். 1845-இல் வால்டர் எலியட் அங்கே தோண்டி எடுத்த கற்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குக் கப்பலேறி, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் எடுத்தவற்றில் கணிசமானவை சென்னையில் தங்கின.

பளிங்கு என்று பலரும் சொல்வார்கள், ஆனால் அது சுண்ணாம்புக் கல். ஒரே தூபியின் கற்கள் மூன்று நான்கு ஊர்களில் பிரிந்து கிடப்பது எனக்கு வருத்தம்தான். தெலுங்கு நண்பர்கள் கேட்கும்போது அதை மறைக்காமல் சொல்கிறேன்.

வழக்கு ஒன்றும் இல்லை. உயர் நீதிமன்றக் கட்டடத்தைச் சும்மா பார்க்கப் போகலாமா?

வேலை நாட்களில் கட்டுப்பாடு அதிகம். என்ன காரியம் என்று கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். வழக்கறிஞர் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் அவருடன் போவது எளிது. இல்லாவிட்டாலும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நின்று பார்த்தாலே பாதி கண்ணில் படும். 1892-இல் திறந்த கட்டடம். அதன் உயரமான கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. நீதிமன்றத்தின் தலையில் விளக்கு வைத்த ஊர் இது. அதற்கு முன்பு, 1844 முதல், அதே வளாகத்தில் தனியாக நிற்கும் கல்தூண் ஒன்று விளக்காக இருந்தது. தூண் இன்னும் நிற்கிறது. இப்போது எரிவது மெரினாவில் இருக்கும் விளக்கு. அதன் மேல்தளத்துக்குப் பொதுமக்கள் ஏறலாம்.

வளாகத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியபோது ஒரு குண்டு அங்கே விழுந்தது. வீட்டில் பெரியவர்கள் கெட்டிக்காரப் பிள்ளையை "சரியான எம்டன்" என்பார்களே, அந்தச் சொல் பிறந்தது அந்த இரவில்தான்.

ஒரு நாள் போனபோது நீதிமன்றத்தின் எல்லா வாசலும் பூட்டிக் கிடந்தன. ஏன்?

ஆண்டுக்கு ஒரு நாள் அப்படிப் பூட்டுவது பழைய வழக்கம். வளாகத்தின் குறுக்கே மக்கள் நடந்து பழகிவிட்டால், பிற்காலத்தில் அதைப் பொதுவழி என்று உரிமை கோர இடமாகிவிடும். அப்படி எவரும் கோரக் கூடாது என்பதற்காக ஒரு நாள் முழுவதும் பூட்டிவிடுகிறார்கள். நீங்கள் போனது அந்த நாளாக இருக்கலாம்.

சிவப்புக் கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஒரே ஆள் கட்டியதா?

இரண்டு பெயர்களை நினைவில் வைத்தால் பாதி நகரம் புரிந்துவிடும். ராபர்ட் சிஷோம் என்பவர் மெரினாவில் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை 1879-இல் கட்டி முடித்தார். ஹென்றி இர்வின் உயர் நீதிமன்றத்தை முடித்தார். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும், அதே வளாகத்தில் 1909-இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபமும் அவருடைய வேலை. முகலாய மாடங்களையும் ராஜபுதன வளைவுகளையும் ஐரோப்பியத் திட்டத்தில் சேர்த்த பாணியை இந்தோ-சாரசனிக் என்கிறார்கள்.

இவர்கள் வரைந்தார்கள். எழுப்பியவர்கள் நம்மவர்கள். இர்வினின் பல கட்டடங்களை ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். கணித மேதை ராமானுஜன் 1920-இல் கடைசி நாட்களைக் கழித்தது சேத்துப்பட்டில் இவருடைய வீட்டில்தான். ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். செங்கல் சுட்டவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சித்தாள்கள் ஆகியோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அப்படியானால் ரிப்பன் மாளிகை மட்டும் ஏன் வெள்ளை? உள்ளே போகலாமா?

அது வேறு பாணி, 1913-இல் திறந்தது. உள்ளூர் மக்களுக்குத் தங்கள் ஊரை ஆளும் பொறுப்பைத் தந்த ரிப்பன் பிரபுவின் பெயர். மாநகராட்சியோ அதைவிட மிகப் பழையது: 1688-இல் அமைந்தது. இன்றும் அங்கேதான் மேயர் அலுவலகம் இயங்குகிறது. சான்றிதழ், வரி என்று வேலையாகப் போகிறவர்கள் நடைக்கூடத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள். இரவில் விளக்கு போட்டிருக்கும்போது எதிரே நின்று பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை, அனுமதியும் வேண்டாம்.

சேப்பாக்கம் அரண்மனை என்கிறார்கள், தேடினால் அரசு ஆபீஸ்தான் இருக்கிறதே?

அந்த ஆபீஸ்களுக்குப் பின்னால் இருப்பதுதான் அரண்மனை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-இல் முடிந்தது. 1855-இல் நவாப் பட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழித்த பிறகு ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போனது. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதிகள். கலச மகால் 2012-இல் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டே சீரமைத்தார்கள். அந்த வளாகத்தைக் கடக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நவாப் அல்ல, அந்த அலுவலர்.

போட்டோ எடுக்கலாமா?

அருங்காட்சியகங்களில் எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டா என்பது டிக்கெட் வாங்கும் இடத்தில் எழுதியிருக்கும். ஃபிளாஷ் எங்கும் வேண்டாம். தலைமைச் செயலகம், ராணுவப் பகுதி, நீதிமன்ற வளாகம் ஆகியவற்றில் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள். செல்பேசியில்தானே எடுத்தேன் என்று சொல்லிப் பயனில்லை.

சட்டமன்றம் நடப்பதை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் மூலமாகக் கேட்பதே வழக்கமான வழி. முதல் கேள்வியில் கூட்ட நாட்களைத் தவிர்க்கச் சொன்னேன். இந்தச் சீட்டு இருந்தால் அந்த நாள்தான் சிறந்த நாள். 2010-இல் சட்டமன்றம் ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறி, 2011-இல் மீண்டும் கோட்டைக்கே வந்தது. அந்தப் புதிய கட்டடம் இப்போது மருத்துவமனை. செயலகத்தின் முகப்பில் நிற்கும் கருங்கல் தூண்களைக் கவனியுங்கள். 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-இல் புதுச்சேரி விழுந்தபின் ஆங்கிலேயர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வெளிநாட்டில் குடியுரிமை வாங்கிய என் தம்பி வருகிறான். அவனுக்கு வெளிநாட்டார் கட்டணமா?

கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் தொகையை நான் எழுதவில்லை. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியருக்கான கட்டணமே பொருந்தும். அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நம்மை அடிமைப்படுத்தக் கட்டியதுதானே? ஏன் போற்ற வேண்டும்?

போற்றச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். 1639-இல் கம்பெனிக்கு இந்த மணல்மேட்டைக் கொடுத்தவர் இந்தப் பகுதியை ஆண்ட நம் நாயக்கர். இடையில் நின்று பேசிய துபாஷி பேரி திம்மப்பா. தாழ்வும் துணையும் எதிர்ப்பும் எல்லாம் ஒரே மதிலுக்குள் நடந்தவை. காரன்வாலிஸ் பீடத்தையும் அந்தப் பட்டுக் கொடியையும் ஒரே கட்டடத்தில், ஒரே காலையில் பார்க்க முடிகிற ஊர் நம்முடையது. இரண்டையும் பார்த்துவிட்டு உங்கள் கோபத்தைச் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.

வாசலில் காவலர் "இன்று கிடையாது, போங்கள்" என்று சொல்லிவிட்டால்?

முதலில் அன்று வெள்ளிக்கிழமையா என்று பாருங்கள். இல்லையென்றால், போக வேண்டியது அருங்காட்சியகத்துக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். செயலகத்துக்கு வந்த மனுதாரர் என்று பலமுறை தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். முக்கியப் பிரமுகர் வருகையால் உண்மையிலேயே மூடியிருந்தால், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிட்டுக் கோட்டை நிலையத்தில் ரயிலேறுங்கள். அடுத்த நிலையம் பூங்கா, அதற்கடுத்தது எழும்பூர். அங்கே மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும்.